சிரிப்பக்காவின் சனிக்கிழமைகள்

சிரிப்பக்காவுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்ததோடு அந்தப் பெயருக்கு வேலை முடிந்துபோயிற்று. தையல் கடையில், தெருவில், மருந்துக் கடையில், எங்கே கேட்டாலும் அவள் சிரிப்பக்காதான். சிரிப்பு அப்படி. முதலில் சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். பார்க்கிறவர்கள், ஐயோ பாவம், அழுகிறாள் போலிருக்கிறது என்று பக்கத்தில் வருவார்கள். அப்புறம் மூச்சை உள்ளே இழுப்பாள் பாருங்கள், குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம் கிளம்பும். அதற்குமேல் அவளை யாராலும் நிறுத்த முடியாது. எதிர்வீட்டு மாடியில் தூங்குகிற குழந்தை எழுந்து உட்கார்ந்துவிடும். கடைசியில் "அம்மாடி" என்று ஒரு பெருமூச்சு விட்டு, கைக்குட்டையை எடுத்து இரண்டு கண்ணையும் துடைத்துக்கொள்வாள். துடைத்துவிட்டால் சிரிப்பு முடிந்தது என்று அர்த்தம்.

சின்ன வயதில் அவள் அம்மாவின் கை எப்போதும் இவள் வாய்க்குப் பக்கத்திலேயே இருக்கும், எந்த நேரத்தில் பொத்த வேண்டி வருமோ என்று. பள்ளிக்கூடத்தில் பாதிப் பாடத்தை வகுப்புக்கு வெளியே நின்றுதான் படித்தாள். "பொம்பளப் புள்ளைக்கு என்னடி அப்படி ஒரு சிரிப்பு? போற இடத்துல மானத்தை வாங்கப் போற பாரு" என்று அவள் சித்தி ஓயாமல் சொல்லுவாள். சொன்னால் நின்றுவிடுமா? சிரிப்பு என்ன, கேட்டுக்கொண்டா வருகிறது?

போன இடத்தில் வாய்த்தவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். தங்கமான மனிதர். கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, பேசுகிற பழக்கமும் கிடையாது. பகல் முழுக்கப் பெரிய கட்டடங்களில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து இரும்புக் கயிற்றையும் மோட்டாரையும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு யாரோடு பேச்சு? வீட்டுக்கு வந்தால் "ம்", "சரி", "ஆமா", இந்த மூன்றை வைத்தே குடும்பத்தை ஓட்டிவிடுவார். சிரிப்பு வந்தால் மீசையின் ஓரம் லேசாக அசையும். அதுவும் வெளிச்சம் நன்றாக இருந்தால்தான் தெரியும்.

கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் சினிமாவுக்குப் போனார்கள். படத்தில் ஒரு ஆள் தெரியாமல் பெயின்ட் வாளிக்குள் காலை விட்டான். அவ்வளவுதான், அக்கா ஆரம்பித்துவிட்டாள். முன்வரிசை பின்வரிசை எல்லாம் திரும்பிப் பார்த்தது. லிஃப்ட்காரர் எழுந்தார். அந்தத் தியேட்டரில் வரிசைகள் வளைவாக இருக்கும். நடைபாதையைத் தாண்டிப் போய், வரிசையின் அந்தக் கோடியில் காலியாகக் கிடந்த சீட்டில் உட்கார்ந்துகொண்டார். படம் முடிகிறவரைக்கும் திரும்பி வரவில்லை.

அக்காவுக்குச் சுருக்கென்றது. சித்தி சொன்னது சரியாகப் போச்சு, வந்த புதிதிலேயே மானத்தை வாங்கிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள். வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்டு, அவர் "ஆமா" என்று சொல்லிவிட்டால்? அவரிடம் இருப்பதே மூன்று வார்த்தை, அதில் ஒன்று "ஆமா". பயந்துகொண்டு விட்டுவிட்டாள். அன்றிலிருந்து எங்கே போனாலும் இதே கதைதான். பஸ்ஸில் ஏறினால் எதிர் சீட்டுக்குப் போய்விடுவார். விருந்துக்குப் போனால் எதிர் மேஜை. வீட்டில் டிவி வாங்கிய பிறகாவது பக்கத்தில் உட்காருவார் என்று பார்த்தால், டிவிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பரை விரித்துவிடுவார். மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. துணி காயப்போடுவார், தண்ணீர் பிடித்து வைப்பார், இவளுக்குக் காய்ச்சல் வந்தால் கண்ணைக்கூட மூட மாட்டார். பிள்ளைகள் இரண்டையும் ஆளாக்கி வெளியூருக்கு வேலைக்கு அனுப்பியாயிற்று. நிம்மதியான வாழ்க்கைதான். அந்த ஒரு முள் மட்டும் அவள் நெஞ்சில் அப்படியே இருந்தது.

இப்போது டிவி நிலையத்து மாப்பிள்ளை கதைக்கு வருவோம்.

அக்கா வேலை பார்த்த தையல் கடையில் அவளுக்குக் காஜா எடுத்துப் பட்டன் தைக்கிற வேலை. டிவி நிலையத்துக்கு வேண்டிய உடுப்பெல்லாம் அந்தக் கடையில்தான் தைப்பார்கள். அந்த வருஷம் நிலையத்தின் பெரிய தலைகளுக்கு ஒரு ஆசை வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் பாட்டு, ஆட்டம், நாடகம், வித்தை என்று எல்லாம் கலந்து ஒரு நிகழ்ச்சி, அதுவும் நேரடி ஒளிபரப்பு. நடத்துவதற்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பாடகரைப் பிடித்தார்கள். அவர் நம் பாஷையில் பாடிய ஒரு பாட்டு அப்போது எல்லா ரேடியோவிலும் ஓடிக்கொண்டிருந்தது. உச்சரிப்பு அட்சர சுத்தம். இவ்வளவு அழகாகப் பாடுகிறவருக்குப் பாஷை தெரியாமலா இருக்கும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

விமான நிலையத்தில் மாலை போட்டு வரவேற்றுப் பேசினார்கள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "நீங்களும் ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார் நிகழ்ச்சியின் டைரக்டர். பாடகர் சிரித்த முகத்தோடு மைக்கை வாங்கி அந்தப் பாட்டின் முதல் வரியைப் பாடினார். "பயணம் எப்படி இருந்தது?" என்று கேட்டார்கள். இரண்டாவது வரியைப் பாடினார். அப்போதுதான் டைரக்டருக்கு விஷயம் புரிந்தது. ஆளுக்குத் தெரிந்தது அந்த ஒரு பாட்டும், "ரொம்ப நன்றி" என்ற இரண்டு வார்த்தையும்தான். புதுச் சட்டை போட்டுக்கொண்டு, யார் என்ன சொன்னாலும் தலையாட்டிக்கொண்டு, எல்லாரும் விழுந்து விழுந்து கவனிக்க நடுவில் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் நிலையத்தில் அவருக்கு மாப்பிள்ளை என்றே பெயர் விழுந்துவிட்டது.

மாப்பிள்ளை உழைக்காதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வசனத்தை எல்லாம் தன் பாஷை எழுத்தில் ஒலி ஒலியாக எழுதி வைத்துக்கொண்டு நெட்டுரு போட்டார். ஒரு எழுத்து பிசகாது. ஆனால் எந்த இடத்தில் ஜோக் இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஜனங்கள் சிரிக்கும்போது அதன் மேலேயே அடுத்த வசனத்தைப் போட்டு அமுக்கிவிடுவார். ஒன்றுமில்லாத இடத்தில் நிறுத்திவிட்டு, சிரியுங்களேன் என்பதுபோல எல்லாரையும் பார்ப்பார். முதல் வாரம் கம்பிமேல் நடந்த வித்தைக்காரர் தவறி விழுந்து, "ஐயோ, கை போச்சே" என்று கத்தினார். மாப்பிள்ளை பணிவாகக் குனிந்து, "ரொம்ப நன்றி" என்றார். மொழிபெயர்ப்பாளர் ஒருத்தர் இருந்தார், பழைய பள்ளிக்கூட வாத்தியார். அவர் ஜோக்கை விளக்கிச் சொன்னால் இரங்கல் கூட்டத்தில் பேசுவது மாதிரி இருக்கும். கேட்டுவிட்டு மாப்பிள்ளை கண் கலங்குவார்.

இரண்டாவது வாரம் மாப்பிள்ளையின் கோட்டில் பட்டன் ஒன்று அறுந்துவிட்டது. கடையிலிருந்து அக்காவை அனுப்பினார்கள். தைத்துக் கொடுத்துவிட்டு, வந்தது வந்தோம், பார்த்துவிட்டுப் போவோம் என்று முன்வரிசையில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளையோடு நாடகத்தில் நடித்தது ஒரு பழுத்த நகைச்சுவை நடிகை. எந்தக் கதையிலும் அத்தை வேஷம்தான் என்பதால் அவளை எல்லாரும் அத்தை என்றே கூப்பிடுவார்கள். அத்தை உதட்டைச் சுழித்து ஒரு முகம் காட்டினாள். அக்காவின் தோள் குலுங்கியது. அப்புறம் விசில். அரங்கமே திரும்பிப் பார்த்தது, பார்த்தவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. மேடையில் மாப்பிள்ளை அடுத்த வசனத்தைச் சொல்ல வாயைத் திறந்தவர், இவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். இவள் "அம்மாடி" என்று கண்ணைத் துடைக்கிறவரைக்கும் பொறுத்திருந்து, அதன் பிறகு சொன்னார். கணக்காகப் போய் உட்கார்ந்தது ஜோக்.

நிகழ்ச்சி முடிந்ததும் டைரக்டர் ஓடி வந்தார். "அம்மா, நீங்க ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து இதே சீட்டுல உக்காரணும். சம்பளம் போட்டுத் தரேன்."

"எனக்குப் பொய்யாச் சிரிக்க வராதுங்க."

"பொய்யா வேண்டாம்மா. சும்மா வந்து உக்காருங்க. மிச்சத்தை அத்தை பாத்துக்குவாங்க."

அப்படித்தான் ஆரம்பித்தது. மாப்பிள்ளைக்கு அவள் முகம்தான் எல்லாம். வசனத்தைச் சொல்வார், நிறுத்துவார், முன்வரிசையைப் பார்ப்பார். தோள் குலுங்கினால் காத்திருப்பார். கைக்குட்டை கண்ணுக்குப் போனால் தொடர்வார். ஒரு சிரிப்பு வந்தாகவேண்டிய இடத்தில் வரவில்லை என்றால், தன் உச்சரிப்புத்தான் தப்பு என்று நினைத்து அதே வசனத்தை இன்னும் திருத்தமாக ஒரு தரம் சொல்லுவார்.

அக்காவுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. வாழ்நாள் முழுக்க வாயைப் பொத்து, வாயைப் பொத்து என்று கேட்டுக் கேட்டு அலுத்தவளை, திற தாயே என்று கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை மத்தியானமே தலை சீவிக்கொள்வாள். ஆனால் வீட்டில்? "பட்டன் வேலை இருக்குதுங்க, டிவி நிலையத்துல" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள். "சரி" என்றார் லிஃப்ட்காரர். நடைபாதையைத் தாண்டிப் போன மனுஷரிடம், உங்கள் பெண்டாட்டி சிரித்துச் சம்பளம் வாங்குகிறாள் என்று எந்த முகத்தோடு சொல்வது? அத்தனை பேர் சிரிக்கிற சத்தத்தில் தன் சத்தம் எங்கே தனியாகக் கேட்கப் போகிறது என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள். கேளுங்கள் இந்த நியாயத்தை! எதிர்வீட்டுக் குழந்தையை எழுப்புகிற சிரிப்பு!

இத்தனை செய்தும் நிகழ்ச்சி தேறவில்லை. அரங்கத்தில் இருப்பவர்களுக்கு அக்கா இருந்தாள், வீட்டில் பார்க்கிறவர்களுக்கு யார் இருந்தார்கள்? வந்த விருந்தினர்கள் ஒன்று கேட்டால் மாப்பிள்ளை நெட்டுரு போட்ட வேறொன்றைச் சொன்னார். பத்திரிகைக்காரர்கள் கிழி கிழி என்று கிழித்தார்கள். மூன்று மாதத்துக்குமேல் தாக்குப்பிடிக்கவில்லை. அந்த நேரத்தை மீன் வளர்ப்பு நிகழ்ச்சிக்குக் கொடுத்துவிட்டோம் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். கடைசி நிகழ்ச்சிக்கு வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் வீட்டு ஆட்களைக் கூட்டி வரலாம் என்றார் டைரக்டர், காலி நாற்காலிகளை நிரப்ப வேண்டுமே.

இதை அக்கா வீட்டில் பேச்சோடு பேச்சாகச் சொல்லி வைத்தாள், எப்படியும் "ம்" என்றுதான் சொல்வார் என்று.

"நானும் வரேன்" என்றார் லிஃப்ட்காரர்.

அவளுக்குப் பகீரென்றது. "உங்களுக்கு எதுக்குங்க? ஒரே கூச்சலா இருக்கும்."

"பரவால்ல."

அந்தச் சனிக்கிழமை சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, மீசையைக் கத்தரித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அரங்கத்தில் அக்கா தன் சீட்டில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியைக் கையால் தட்டிக் காட்டினாள். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு, நடைபாதையைத் தாண்டிப் போய், வளைந்து போகும் முன்வரிசையின் நேர் எதிர்க் கோடியில் உட்கார்ந்துகொண்டார். இன்னும் ஒன்றும் நடக்கவே இல்லை, அதற்குள்ளாகவா! அக்கா கைக்குட்டையை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டாள். இன்றைக்கு ஒரு நாள் உயிரே போனாலும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

விளக்கு எரிந்தது, ஒளிபரப்பு தொடங்கியது. நாடகத்தில் மாப்பிள்ளை டாக்டர், கையில் கொழுத்த ஊசி. அத்தை நோயாளி.

"டாக்டர், ஒரு வாரமா எனக்குத் தூக்கமே இல்ல."

"யாரு தூங்க விடல?" என்றார் மாப்பிள்ளை, அட்சர சுத்தமாக.

"எங்க வீட்டுக்காரர்தான். அப்படி ஒரு குறட்டை!"

"அப்போ ஊசி அவருக்குத்தான்."

நிறுத்தினார். முன்வரிசையைப் பார்த்தார். அக்கா கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு சுவரை வெறித்தபடி உட்கார்ந்திருந்தாள். மூன்று மாதமாக அவளைப் பார்த்துச் சிரித்துப் பழகிய ஜனங்களும் என்னவோ ஏதோ என்று சிரிக்காமல் இருந்தார்கள். மாப்பிள்ளை காத்திருந்தார். அத்தை பெரிய அனுபவசாலி, அடுத்ததைச் சொல்லும்படி காலால் அவர் காலை இடித்தாள். அவர் அசையவில்லை. கண்ணாடி அறைக்குள் டைரக்டர் தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். நேரடி ஒளிபரப்பு, ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது, மேடையில் ஒரு டாக்டர் ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி மரமாக நிற்கிறார்.

"அப்போ... ஊசி... அவருக்குத்தான்" என்றார் மாப்பிள்ளை மறுபடியும், ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி. அக்கா எதிர்ப்பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தாள். லிஃப்ட்காரர் மேடையைப் பார்க்கவில்லை, இவளையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். தொலைந்தோம், காவல் காக்கத்தான் வந்திருக்கிறார் என்று அவள் இன்னும் இறுக்கமாகக் கைக்குட்டையை அடைத்தாள்.

மாப்பிள்ளை மேடையின் விளிம்புக்கே வந்துவிட்டார். பாவம், நெற்றியில் வேர்த்துக் கொட்டுகிறது. இந்த அம்மாவுக்கு இன்னும் எப்படித்தான் சொல்வது என்று, ஊசியை அரங்கத்துப் பக்கம் நீட்டி, பலமாக, "ஊசி அவருக்குத்தான்!" என்றார். நீட்டிய ஊசி எங்கே நின்றது தெரியுமா? நேராக லிஃப்ட்காரர்மேல் நின்றது. லிஃப்ட்காரர் திடுக்கிட்டு, மடித்து விட்டிருந்த சட்டைக் கையை அவசர அவசரமாக இறக்கி, மணிக்கட்டுவரை இழுத்து மூடிக்கொண்டார்.

அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

கைக்குட்டை எங்கே போய் விழுந்ததோ தெரியாது. தோளும் இல்லை, முன்னறிவிப்பும் இல்லை, எடுத்த எடுப்பிலேயே விசில். இத்தனை நேரம் அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்து வைத்துக் கிளம்பியது. மாப்பிள்ளையின் முகத்தில் உயிர் வந்தது. வந்த சந்தோஷத்தில் நடுவில் அத்தைக்கு வசனம் இருப்பதே மறந்துபோய், மிச்சமிருந்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டினார்: "நாக்கை நீட்டுங்க, போதும் உள்ள இழுங்க, கல்யாணம் ஆகி எத்தனை வருஷம், அதுக்கு மருந்து கிடையாது, அடுத்த ஆளை வரச் சொல்லுங்க, ரொம்ப நன்றி!"

அத்தையா விடுகிறவள்? நீட்டிய நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, தன் பங்கையும் மொத்தமாக அவிழ்த்தாள்: "ஆ, முப்பது, ஐயோ டாக்டர், அவர் வெளியதான் நிக்கிறார், நான் வரேன்!" அரங்கம் இடிந்து விழுந்துவிடும் போலச் சிரித்தது. கேமராக்காரர் சிரித்ததில் படம் ஆடியது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக மாப்பிள்ளையும் சிரித்தார், ஒன்றும் புரியாமலேயே, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

முடிந்ததும் மாப்பிள்ளை மேடையிலிருந்து இறங்கி நேராக இவர்களிடம் வந்தார். மொழிபெயர்க்கிற வாத்தியார் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டிருந்தார். மாப்பிள்ளை லிஃப்ட்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, அக்காவைக் காட்டிக் காட்டித் தன் பாஷையில் நீளமாக என்னவோ சொன்னார். சொல்லச் சொல்ல அவர் கண் கலங்கியது. லிஃப்ட்காரர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆமா" என்றார். மாப்பிள்ளை அவரைக் கட்டிக்கொண்டார்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் கூட்டமே இல்லை. அக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். லிஃப்ட்காரர் வழக்கம்போல எதிர் சீட்டில். மூன்றாவது நிறுத்தத்தில் அவள் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"அவர் என்ன சொன்னார்னு நீங்க ஆமா போட்டீங்க?"

"யாருக்குத் தெரியும். உன்னைக் காட்டித்தானே சொன்னார். சரியாத்தான் சொல்லியிருப்பார்."

அவளுக்குத் துணிச்சல் வந்தது. "நான் அங்க பட்டன் தைக்க மட்டும் போகலங்க."

"தெரியும்."

"எப்படி?"

"டிவியில கேட்டுச்சே. நீ போன முதல் வாரமே" என்றார். "சனிக்கிழமையானா விளக்கை அணைச்சுட்டுக் கேட்டுக்கிட்டு இருப்பேன். கேக்குது, முகம் தெரியல. அதான் இன்னைக்கு நேர்ல வந்தேன்."

"அப்ப உங்களுக்கு வெக்கமா இல்லையா?"

"எதுக்கு?"

"எதுக்கா? சினிமாக் கொட்டகையில எந்திரிச்சுப் போனீங்களே! அன்னையிலருந்து எங்க போனாலும் பக்கத்துல உக்காராம தள்ளித் தள்ளிப் போறீங்களே, எதுக்காம்?"

ஒரு லிஃப்டைப் பழுது பார்க்கிற நிதானத்தோடு அவர் அதை யோசித்தார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கேள்வி வரும் என்றே அவர் எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"பக்கத்துல உக்காந்தா நீ சிரிக்கிறதை எப்படிப் பாக்கிறது?" என்றார்.

அக்காவுக்குக் கோபம்தான் வந்தது. "இதை அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன, மனுஷா? எத்தனை வருஷம் நான் உள்ளுக்குள்ளயே வெந்துக்கிட்டு இருந்தேன் தெரியுமா?"

"நீ கேக்கலயே."

அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியாமல் தோள் குலுங்கியது. லிஃப்ட்காரர் முன்னால் நகர்ந்து சீட்டின் நுனிக்கு வந்து உட்கார்ந்து, நன்றாகப் பார்த்தார். விசில் கிளம்பியதும் டிரைவர் பயந்துபோய் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

மாப்பிள்ளை ஊர் திரும்பிவிட்டார். மீன் வளர்ப்பு நிகழ்ச்சி நன்றாகவே ஓடியது. அக்கா இன்றைக்கும் அதே கடையில் காஜா எடுத்துக்கொண்டிருக்கிறாள். அடுத்த மாதம் ஒரு சிரிப்புப் படம் வந்தபோது இரண்டு பேரும் போனார்கள். டிக்கெட் கவுன்டரில் அக்காதான் நின்றாள்.

"ஒண்ணு இந்தக் கோடி, ஒண்ணு அந்தக் கோடி குடுப்பா."

உள்ளே இருந்தவன் அவளையும் பின்னால் நின்ற லிஃப்ட்காரரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்னக்கா, சண்டையா?"

"சேச்சே. அவருக்குப் படம் அங்கேருந்துதான் தெரியும்" என்றாள் சிரிப்பக்கா.